எக்ஸானரேட் என்று எழுதியிருந்த கடிதம்

பதினோராம் நம்பர் பஸ்ஸை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவருக்கு டிப்போவில் கண்ணாடியண்ணன் என்று பெயர். அவர் மூக்குக் கண்ணாடி போட்டவர் இல்லை. காலையில் வண்டியில் ஏறியதும், சீட்டில் உட்காருவதற்கு முன்பே, பையிலிருந்து பழைய பனியன் துணி ஒன்றை எடுப்பார். இடது பக்கக் கண்ணாடி, வலது பக்கக் கண்ணாடி, தலைக்கு மேலே பயணிகளைக் காட்டும் கண்ணாடி, மூன்றையும் துடைத்துவிட்டுத்தான் சாவியைப் போடுவார். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை மூடுமுன் மூன்றிலும் ஒரு பார்வை. "கல்யாணப் பொண்ணுகூட இத்தனை தடவை கண்ணாடி பார்க்க மாட்டா" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவர் மேல்தான் அந்தப் புகார் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். தபாலாபீஸ் நிறுத்தத்தில் பின்கதவு வழியாக ஒரு அம்மா இறங்கினார். இரண்டு கையிலும் துணி மூட்டை. அறுபது வயதிருக்கும். அடுத்த நொடி 'ஐயோ' என்று சத்தம். கண்ணாடியண்ணன் இறங்கி ஓடிப் பார்த்தால், அந்த அம்மா ரோட்டில் ஒருக்களித்துக் கிடக்கிறார், மூட்டை அவிழ்ந்து சட்டைகளும் பாவாடைகளும் சாக்கடை ஓரம் வரை சிதறியிருக்கின்றன. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் தன் சட்டையைக் கழற்றி மடித்து அவர் தலைக்கு வைத்துவிட்டு, பக்கத்திலேயே பனியனோடு உட்கார்ந்திருந்தார். இடுப்பெலும்பு முறிவு என்று பிறகு தெரிந்தது.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து புகார். பயணி இறங்கி முடிக்கும் முன்பே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார் என்று அந்த அம்மாவின் மகன் எழுதி, அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். கண்டக்டர் இல்லாத வண்டி அது. ஏறியிருந்தவர்களில் ஒருவர் "ஆமா, ஒரு குலுங்கு குலுங்கிச்சு" என்றார். இன்னொருவர் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வண்டிக்குள் இருந்த கேமரா மூன்று வாரமாக வேலை செய்யவில்லை. அதைக் கண்ணாடியண்ணன் வண்டிக் குறிப்பேட்டில் இரண்டு முறை எழுதியிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விசாரணை முடியும் வரை வண்டி ஓட்டக்கூடாது, பயணியையோ குடும்பத்தையோ சந்திக்கக்கூடாது என்று சொல்லி, அவரை உதிரிபாக அறையில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. பல்பும் வைப்பரும் பெல்ட்டும் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

எட்டு மாசம் அப்படிப் போனது.

முதலில் எல்லோரும் அவர் பக்கம்தான். "அண்ணனா? சான்ஸே இல்ல" என்றார்கள். பிறகு பேச்சு மெல்ல மாறியது. பல்பு வாங்க வந்த ஒருத்தன், "என்னண்ணே, அன்னிக்கு மட்டும் கண்ணாடி பார்க்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். கேலிதான். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே அவருக்கு முகம் சுண்டிப் போகும். மச்சான் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "வயசாகுதில்ல மாமா, கவனம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைவிட நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

ஊர் வாயைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாமல் போனது தன் மனசையே. சம்பவம் நடந்த அன்று யாராவது கேட்டிருந்தால், பிரேக்கில் கால் இருந்தது, வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்று அடித்துச் சொல்லியிருப்பார். உதிரிபாக அறையில் உட்கார்ந்து அதையே ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்ததில், ஆறாவது மாசம் வாக்கில் அந்த நினைப்பிலேயே வண்டி லேசாக நகர ஆரம்பித்தது. அவர் எவ்வளவு நிறுத்திப் பார்த்தாலும் நகர்ந்தது. காலை எடுத்துட்டேனோ? ஒருவேளை எடுத்துட்டேனோ? அதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட.

ஒரு வியாழக்கிழமை காலை டிப்போ கிளார்க் ஆள் அனுப்பினார். தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. தலைமை அலுவலகம் எதை எழுதினாலும் ஆங்கிலத்தில்தான் எழுதும். ஒன்றரைப் பக்கம். கிளார்க் கவரை ஸ்கேலால் கிழித்து, முதல் பக்கத்தை ஓட்டமாகப் பார்த்து, இரண்டாம் பக்கத்துக்குத் தாவி, முகம் மலர நிமிர்ந்தார்.

"அண்ணே, நல்ல சேதி! உங்களை மன்னிச்சு விட்டுட்டாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வண்டி எடுக்கலாம். பெற்றுக்கொண்டேன், ஏற்றுக்கொண்டேன்னு இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

கண்ணாடியண்ணன் பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். மூடியையும் திறந்துவிட்டார். அப்புறம்தான் காதில் விழுந்தது மனசுக்குப் போய்ச் சேர்ந்தது.

"மன்னிச்சுட்டாங்களா?"

"ஆமாண்ணே."

"நான் மன்னிப்பே கேட்கலையே."

கிளார்க் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "கேட்காமயே குடுத்திருக்காங்கண்ணே, பெரிய மனசு."

"எந்த வார்த்தை அப்படிச் சொல்லுது? விரலை வச்சுக் காட்டுங்க."

கிளார்க் தேடி ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். "இதோ. எக்ஸோ... எக்ஸோநரேட்ஸ். எக்ஸிட்னா வெளியே போற வழி, இல்லையா? அந்த மாதிரிதான் இதுவும். உங்களை வெளியே விட்டுட்டாங்க."

"நான் உள்ளயே போகலையேப்பா" என்றார் கண்ணாடியண்ணன். பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "அர்த்தம் தெரியாம கையெழுத்து போட மாட்டேன்."

"அண்ணே, திங்கக்கிழமைக்குள்ள இது திரும்பிப் போகணும்."

"அதுக்குள்ள தெரிஞ்சுக்கறேன்."

கடிதத்தின் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மனைவி ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். சாயங்காலம் அவர் வந்ததும் கண்ணாடியண்ணன் விஷயத்தைச் சொன்னார். திங்கட்கிழமை வண்டி எடுக்கலாம் என்ற இடத்தில் மனைவியின் முகம் பளிச்சென்று ஆனது. கையெழுத்துப் போடவில்லை என்ற இடத்தில் அணைந்துபோனது.

"மன்னிச்சா என்ன, மறந்தா என்ன? வண்டி திரும்பக் கிடைச்சுதுல்ல? எட்டு மாசமா உங்க முகத்தைப் பார்க்க முடியல."

மனைவி டீயைக் கலந்து டம்ளரை அவர் முன் வைத்தார். தன் டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"ஆமா... மன்னிச்சுட்டாங்கன்னா, நீங்க பண்ணினீங்கன்னுதானே அர்த்தம்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்போ போடாதீங்க கையெழுத்து" என்றார் மனைவி. அவர் எப்போதும் அப்படித்தான். ஒரு பக்கம் சாய்ந்தால் முழுசாகச் சாய்ந்துவிடுவார்.

இரண்டு பேருமாக மகளுடைய பழைய பள்ளிக்கூடச் சாமான் பெட்டியைக் குடைந்தார்கள். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு அகராதி கிடைத்தது. அது எக்ஸிட்டிலிருந்து நேராக எக்ஸ்பாண்டுக்குத் தாவியது. இவர்களுடைய வார்த்தை நடுவில் இல்லவே இல்லை. மனைவி தன் ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தார். 'விடுவிக்கவும்' என்று வந்தது.

"ஜெயிலிலேர்ந்து ஆளை விடுவிக்கிற மாதிரி இருக்கே" என்றார் மனைவி. "பண்ணினவனையும் விடுவிப்பாங்க, பண்ணாதவனையும் விடுவிப்பாங்க. இதில் எப்படித் தெரியும்?"

மறுநாள் கண்ணாடியண்ணன் லீவு சொல்லிவிட்டு பதினோராம் நம்பரிலேயே ஏறி, நூலக நிறுத்தத்தில் இறங்கினார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு எட்டு முறை அந்த வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். உள்ளே போனது அன்றுதான். படி ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டுமா என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

அகராதிகள் இருக்கும் பகுதியில் ஒரு அம்மா இருந்தார். நாற்பது வயதிருக்கும். நேர் மேலே ஏ.சி. இருந்ததால் கழுத்தைச் சுற்றி சால்வை. ஏதோ பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "என்ன வேணும் சார்?" என்றார்.

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் வேணும்மா."

"சொல்லுங்க."

"சொல்ல வராது. எழுத்தாச் சொல்றேன். இ, எக்ஸ், ஓ, என், இ, ஆர், ஏ, டி, இ. கடைசியில ஒரு எஸ்ஸும் இருக்கு."

அந்த அம்மா இப்போது நிமிர்ந்தார். "எக்ஸானரேட். நல்ல வார்த்தையாச்சே. எங்க பார்த்தீங்க?"

"என்னைப் பத்தி எழுதியிருக்காங்க."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பக்கங்கள் வெங்காயத் தோல் மாதிரி இருந்தன.

"முதல்ல அர்த்தம். ஒருத்தர் மேல ஒரு பழி இருக்கு. அந்தப் பழி அவருக்குச் சேராதுன்னு நிரூபணம் ஆகுது. அதைச் சொல்றதுக்குத்தான் இந்த வார்த்தை."

"மன்னிப்புன்னு அர்த்தம் இல்லையா?"

"இல்லவே இல்லை. மன்னிப்புக்கு வேற வார்த்தை இருக்கு. மன்னிக்கிறதுன்னா, நீ செஞ்சது செஞ்சதுதான், ஆனா தண்டிக்கலைன்னு அர்த்தம். கோர்ட்ல போதுமான சாட்சி இல்லைன்னு விடுவாங்களே, அதுக்கும் வேற வார்த்தை. அதில் சந்தேகம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். இதில் ஒட்டாது. இவர் செய்யலைன்னு அடிச்சுச் சொல்ற வார்த்தை இது."

கண்ணாடியண்ணன் மூச்சு விட்டார். அந்த மூச்சைக் கேட்டு நூலகத்தம்மா நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"எங்கேர்ந்து வந்த வார்த்தைம்மா இது?"

அந்தக் கேள்வி நூலகத்தம்மாவுக்குப் பிடித்துவிட்டது. வருகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை போலிருக்கிறது. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு விரலை வரிக்கு வரி நகர்த்தினார்.

"லத்தீன். எக்ஸ்னா வெளியே, அப்பால்."

"அப்போ எங்க கிளார்க் சொன்னது பாதி சரி."

"பாதிதான். மீதி, ஓனஸ். ஓனஸ்னா சுமை, பாரம். ரெண்டும் சேர்ந்தா, சுமையை இறக்குறது. ஆரம்ப காலத்தில் நெசமான சுமைக்கே சொல்லியிருக்காங்க. கப்பல்லேர்ந்து சரக்கை இறக்கினா எக்ஸானரேட். ஆறு போய்க் கடல்ல தண்ணியைக் கொட்டினாலும் இதே வார்த்தைதான்." அடுத்த வரியைப் படித்ததும் அவர் வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டார். "வயித்துப் பாரத்தை இறக்கறதுக்கும் சொல்லியிருக்காங்க சார்."

கண்ணாடியண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். எட்டு மாசத்தில் வயிறு குலுங்க அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து மேஜையில் படித்துக்கொண்டிருந்தவர் முறைத்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் அந்தப் பக்கத்தின் மேல் குனிந்தார். பொடி எழுத்து ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் மனசுக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"நாம பழி சுமத்தறதுன்னு சொல்றோம் இல்லையாம்மா? சுமத்தறது. மூட்டையைத் தூக்கித் தலையில வைக்கிற மாதிரி."

"ஆமா."

"தூக்கி வைக்கிறதுக்கு எல்லாரும் அந்த வார்த்தையைத்தான் சொல்றாங்க. இறக்கறதுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கேட்டதில்லை. வச்சவன் வச்சுட்டுப் போயிடறான்."

நூலகத்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷமாக அகராதியோடு குடும்பம் நடத்துகிறேன், இது எனக்குத் தோணினதே இல்லை என்று பிற்பாடு அவரிடம் சொன்னார். அப்போது, "அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மடிப்பு விழுந்த தாளை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். நெற்றி சுருங்கியது.

"சார், நீங்க இந்த வினைச்சொல்லையே பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. இதுக்கு எழுவாய் எதுன்னு பார்த்தீங்களா?"

எழுவாய், பயனிலை என்ற வார்த்தைகளை அவர் கேட்டே முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கும். "யாரு செஞ்சாங்கன்னு கேக்கறீங்களா? விசாரிச்ச கமிட்டிதான்."

"கமிட்டி இல்லை. இந்த ஒரு வாக்கியம் நாலு வரி ஓடுது. நடுவில் என்னென்னவோ செருகியிருக்காங்க. உங்க கிளார்க் கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கார். வாக்கியம் தொடங்கற இடத்துக்கு வாங்க." அவர் பென்சிலின் பின்பக்கத்தால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இந்த வார்த்தையை ஒரு ஆள் செய்யணும்னு இல்லை. ஒரு சாட்சியம் செய்யலாம், ஒரு தடயம் செய்யலாம். இங்க செய்யறது ஒரு வாக்குமூலம். காயமடைந்த பயணி தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம்."

கண்ணாடியண்ணன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த அம்மாவா?"

"அந்த அம்மாதான். கமிட்டி அதைப் படிச்சுட்டு எழுதியிருக்கு, அவ்வளவுதான். உங்க பாரத்தை இறக்கினது அவங்க."

விசாரணை முடிந்துவிட்டதால் போய்ப் பார்ப்பதற்கு இனித் தடை இல்லை. தபாலாபீஸுக்குப் பின்தெருவில் அந்த அம்மா ஒரு சின்னத் தையல் கடை வைத்திருந்தது அவருக்குத் தெரியும். பழைய துணியைப் பிரித்து, அளவு குறைத்து, கூட்டித் தைத்துக் கொடுக்கிற கடை. சனிக்கிழமை காலை கிளம்பும்போது மனைவியும் கூட வருகிறேன் என்றார்.

"வேண்டாம். ரெண்டு பேரா போனா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்."

"போங்க. ஆனா அழுதுட்டு வராதீங்க" என்றார் மனைவி.

கடை கீழே, வீடு மேலே. கதவைத் திறந்தவன் மகன். முப்பது வயது, கையில் சாவிக்கொத்து, வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான். யூனிஃபார்ம் இல்லாமலே அவரை அடையாளம் தெரிந்துகொண்டான்.

"உள்ளதான் இருக்காங்க" என்றான். வழியை விட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் தாண்டி, படியில் தடதடவென்று இறங்கிப் போனான்.

தையல்காரம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாலு கால் ஊன்றுகோல். ஆளைப் பார்த்ததும் ஊசியைக் கோட்டின் காலரில் குத்தினார். எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. நான் வம்புக்கு வரலை."

"வந்தாலும் தப்பில்லை" என்றார் அவர். "நானே வரணும்னு இருந்தேன். மாடிப்படி விடமாட்டேங்குது."

ஒரு ஸ்டூல் இருந்தது. கண்ணாடியண்ணன் அதில் உட்கார்ந்தார். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. வண்டி நகர்ந்துச்சா?"

தையல்காரம்மா அவரை உற்றுப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுது. யோசிச்சு யோசிச்சு இப்பத் தெரியல."

"அசையலை. ஒரு மயிரிழை அசையலை. ஒரு கால் கீழ வச்சாச்சு. குடையை சீட்டிலேயே விட்டுட்டேன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு கையிலயும் மூட்டை. அப்படியே உடம்பைத் திருப்பினேன். படி எங்கன்னு கால் தேடுச்சு. வண்டி மலை மாதிரி நின்னுது. விழுந்தது நான்."

கண்ணாடியண்ணன் இரண்டு முழங்கால்களையும் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் ஏம்மா அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

"நான் எழுதலை. வலியில கண்ணே தெரியல, மருந்து வேற. டிரைவர் எடுத்துட்டானாம்மான்னு பையன் கேட்டான். கவனமில்லாம விழுந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இனிமே நீ கடைக்குப் போக வேண்டாம், பஸ்ல ஏற வேண்டாம்னு ஏற்கெனவே சொல்லிக்கிட்டு இருந்தான். கடையை மூட வச்சிடுவானோன்னு பயம். உம்முன்னு சொன்னேன். அந்த ஒரு உம்முதான். அவன் எழுதினான், நான் கையெழுத்து போட்டேன்."

ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கிற அறையில் ஐந்தாவது மாசம் ஒரு பெண் பேச்சுவாக்கில், அந்த டிரைவரை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார்களாம் என்று சொல்லியிருக்கிறாள். தையல்காரம்மா அன்று வரை, ஒரு நாலு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தார். மகனிடம் சொன்னார். "இப்ப மாத்திச் சொன்னா நான் பொய் எழுதினேன்னு ஆகும்மா" என்று அவன் கத்தினான். அவனுக்குச் சொல்லாமல், வாடகைக் காரில் ஊன்றுகோலோடு தலைமை அலுவலகத்துக்குப் போய், மூன்று மாடி ஏறி, கமிட்டிக்கு முன் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். மகன் அதற்கப்புறம் சரியாகப் பேசுவதில்லை.

"என்னை மன்னிச்சுடுங்க தம்பி" என்றார் தையல்காரம்மா.

இரண்டு நாளாக அந்த வார்த்தையோடுதான் கண்ணாடியண்ணன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இப்போது அது சேர வேண்டிய இடத்தில் வந்து நின்றது. சட்டென்று 'மன்னிச்சுட்டேன்' என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வந்தது. ஆனால் ஜன்னல் இல்லாத அந்த அறையும், பல்பு வாங்க வந்தவனின் சிரிப்பும் நினைவுக்கு வந்தன.

"எட்டு மாசம்மா" என்றார். "இப்பவே சொன்னா வாய்ச் சொல்லாப் போயிடும். ஆனா நீங்க மூணு மாடி ஏறினீங்க. அதை நான் மறக்க மாட்டேன். மத்தது தானா வரும்."

தையல்காரம்மா தலையை ஆட்டினார். அந்தப் பதில் அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கண்ணாடியண்ணன் கிளம்பும்போது, "உங்க சட்டை என்கிட்டதான் இருக்கு" என்று அலமாரியைக் காட்டினார். அன்று தலைக்கு வைத்த சட்டை. துவைத்து, கிழிந்திருந்த பையைத் தைத்து, மடித்து வைத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் மனைவி அந்தத் தையலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கைவேலை சுத்தம்" என்றார். பிறகு கணவரின் கண்ணைப் பார்த்துவிட்டு, "அழாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரும் மனைவியும் அந்த நாலு வரி வாக்கியத்தைத் தமிழில் எழுதுவதிலேயே போனது. 'விடுவிக்கிறது' என்று மனைவி எழுதினார். கண்ணாடியண்ணன் அடித்தார். 'குற்றமற்றவர் என்று காட்டுகிறது' என்று எழுதினார்கள். அர்த்தம் சரிதான், ஆனால் அதில் பாரம் இல்லை என்று அவருக்குப் பட்டது. ஆறேழு தாள் கசங்கிய பிறகு இப்படி வந்தது: 'காயமடைந்த பயணி தாமாக முன்வந்து கொடுத்த வாக்குமூலம், ஓட்டுநர் மீது சுமத்தப்பட்ட பழியை முழுவதுமாக இறக்கிவிடுகிறது.'

திங்கட்கிழமை காலை டிப்போவில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அந்தத் தமிழ்த் தாளை நீட்டினார். "இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டணும்."

கிளார்க் மேனேஜர் அறைக்குப் போய்விட்டு வந்தார். அப்படி வழக்கம் இல்லை, கடிதம் ஃபைலில் இருந்தால் போதும் என்று பதில்.

"புகார் ஃபைல்லயா இருந்துச்சு? எல்லார் வாயிலயும் இருந்துச்சு" என்றார் கண்ணாடியண்ணன்.

கிளார்க் தாளை வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது காது சிவந்தது. "நான் மன்னிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டேன், இல்லண்ணே?" என்றார். மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிராயரிலிருந்து நாலு குண்டூசி எடுத்துக்கொண்டு போய், லீவுப் பட்டியலுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் தானே குத்தினார். மேனேஜர் அதைப் பார்க்காதது போல ஒரு மாசம் இருந்துவிட்டார். நூலகத்தம்மா படித்துச் சொன்ன அந்த வயிற்று விவகாரத்தைக் கண்ணாடியண்ணன் டீ நேரத்தில் யாரிடமோ உளறிவிட, அன்றிலிருந்து பாத்ரூம் போகிறவர்கள் எல்லாம் "எக்ஸானரேட் பண்ணிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் வண்டி எடுக்குமுன் பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். தபாலாபீஸ் நிறுத்தத்தில் ஆறு பேர் இறங்கினார்கள். கடைசி ஆள் நடைபாதையில் ஏறி, பத்தடி நடந்து, திரும்பி ஒரு தரம் வண்டியைப் பார்க்கும் வரைக்கும் அவர் கதவை மூடவில்லை. பின்னாலிருந்து யாரோ, "டிரைவர், போகலாமா, இல்ல குடியிருக்கப் போறோமா?" என்று கத்தினார். மூடினார். எடுத்தார். எல்லா நிறுத்தத்திலும் இதே கதை. கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நிமிஷம் தாமதம்.

நேரக் கண்காணிப்பாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வந்த முதல் நாளே மெமோவா அண்ணே?" என்று வருத்தப்பட்டுக்கொண்டே தாளை நீட்டினார். தாமதத்துக்குக் காரணம் என்ன, பொறுப்பு யார் என்று இரண்டு கேள்வி இருந்தது. டிராஃபிக் என்று எழுதுவதுதான் டிப்போ வழக்கம். டிராஃபிக் வந்து மறுத்துப் பேசாது.

கண்ணாடியண்ணன் ஸ்டியரிங் மேலேயே தாளை வைத்து, நிதானமாக, தெளிவான கையெழுத்தில் எழுதினார்: 'ரோட்டில் நெரிசல் இல்லை. வண்டியிலும் கோளாறு இல்லை. நான்தான் மெதுவாக வந்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிட்டு, திரும்புகிற டிரிப்புக்குக் காத்திருந்தவர்களுக்காகக் கதவைத் திறந்தார்.